சிங்கப்பூர்–திருச்சி நாலு மணி நேரமா? தூரக் கணக்குத் தளங்களை நம்பி ஊருக்குப் போய் வந்தேன்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று ஒரு நொடியில் சொல்லிவிடும் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அதற்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று என் மனைவி சிரித்தாள். சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்ட பரோட்டாவுக்கு ஒரு பக்கம் எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன? இந்த ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது அப்படி மூன்று தளங்களில் கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் போனில் நிமிடம் நிமிடமாகக் குறித்தேன். அதைத்தான் இங்கே கொட்டுகிறேன். தளங்களின் பெயர் வேண்டாம், எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன. நான் ஏறிய விமான நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

ஆரம்பித்து வைத்தது மச்சான். அவர் முதல் முறையாகச் சிங்கப்பூருக்கு வரப் போகிறார். "மாப்ளே, நெட்டுல பார்த்தேன், மூணு மணி நாப்பது நிமிஷம்னு ஒண்ணு சொல்லுது, நாலே கால்னு ஒண்ணு சொல்லுது, டிக்கெட்டைப் பார்த்தா ஆறே முக்கால் மணி நேரம் வருது, எதைத்தான் நம்புறது?" என்று கேட்டார். ஆறே முக்கால் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் எனக்கும் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் தூரம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு மூன்று தளங்களும் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர் என்றுதான் சொல்கின்றன, ஒன்று மட்டும் மூன்று நாலு கிலோமீட்டர் கூட்டிச் சொன்னது. தப்பு இல்லை. பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு எண் வரும். துருவத்தில் கொஞ்சம் சப்பி, நடுவில் கொஞ்சம் பருத்த பூமி என்று வைத்துப் போட்டால் வேறு எண் வரும். நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் அதிகம், நாம் இருப்பதோ அந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்து வீட்டில். ஆக, தூரக் கணக்கில் இந்தத் தளங்களுக்கு முழு மதிப்பெண். ஆனால் ஒன்று, இது வரைபடத்தில் நூல் பிடித்த மாதிரி போகும் தூரம். விமானம் அப்படி நேராகப் போவதில்லை, வான்வழிப் பாதைகளைப் பிடித்து, கட்டுப்பாட்டு அறை சொல்லும் பக்கம் திரும்பி, மேகக் கூட்டம் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும்.

எனக்கு உண்மையிலேயே இந்தத் தளங்கள் உபயோகப்பட்டது இன்னொரு விஷயத்தில். சிங்கப்பூரிலிருந்து சென்னை 2,920 கிலோமீட்டர் சொச்சம், மதுரை 3,010 சொச்சம், கோயம்புத்தூர் 3,160. அதாவது சென்னைக்கும் திருச்சிக்கும் வானத்தில் வித்தியாசம் அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. நாலு நிமிடப் பறப்பு! இத்தனை வருஷமாக "சென்னைன்னா கிட்ட, திருச்சின்னா இன்னும் உள்ள போகணும்" என்று என் மனசில் ஒரு படம் இருந்தது, பழைய ரயில் பயண நினைப்பு. என் ஊர் ஒரத்தநாடு பக்கம். சென்னையில் இறங்கினால் அங்கிருந்து தரையில் முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் வரை போக வேண்டும், திருச்சியில் இறங்கினால் எண்பது சொச்சம்தான். டிக்கெட் விலையில் ஆளுக்கு நாற்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம் என்று சென்னைக்குப் போட்டு, இறங்கிக் கார் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு இட்லி, விக்கிரவாண்டியில் ஒரு டீ என்று விடிய விடியப் போன வருஷங்கள் எனக்கு உண்டு. அந்த நாற்பது வெள்ளி காருக்கே போதவில்லை என்பது வேறு கதை.

இன்னொரு வேடிக்கை கோலாலம்பூர். அங்கே இறங்கி மாறிப் போகும் டிக்கெட் சில நாள் மலிவாகக் கிடைக்கும். சிங்கப்பூர்–கோலாலம்பூர் 297, கோலாலம்பூர்–திருச்சி 2,690, கூட்டிப் பாருங்கள். நேராகப் போவதைவிட ஐந்தாறு கிலோமீட்டர்தான் அதிகம்! கோலாலம்பூர் கிட்டத்தட்ட அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவர் "ஒண்ணும் சுத்து இல்லையே" என்று போட்டுவிடுவார். நான் ஒரு தடவை போட்டேன். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு விலை அங்கே நாற்காலியில் உட்கார்ந்தே கழித்த ஆறு மணி நேரம், மகன் அப்போது இரண்டு வயது, ஓடிக்கொண்டே இருப்பான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நேர் விமானம்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தது, இன்றுவரை மாற்றவில்லை.

சரி, நேரத்துக்கு வருகிறேன், மச்சான் குழம்பியது அங்கேதான்.

தளங்கள் நேரத்தை எப்படிச் சொல்கின்றன தெரியுமா? பெரும்பாலும் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுக்கின்றன, மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி நேரம் சேர்க்கின்றன, அவ்வளவுதான். ஒரு தளம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறது. 2,980 வகுத்தல் 800, மூன்று மணி நாற்பத்துநாலு நிமிடம், அரை மணி சேர்த்தால் நாலே கால். இன்னொன்று அந்த அரை மணியைச் சேர்க்கவே இல்லை, அதுதான் மச்சான் பார்த்த மூணு நாற்பது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஓடுபாதையில் எத்தனை விமானம் வரிசையில் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சொல்லப்போனால் போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரத்தைத்தான் காட்டும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வேறு ஜாதி. வாயிலைவிட்டு விமானம் பின்னால் நகர்வதில் தொடங்கி, அந்தப் பக்கம் வாயிலில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. தரையில் ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம், கொஞ்சம் கையிருப்பும் சேர்த்துத்தான் போடுவார்கள். அதனால்தான் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சில நாள் "சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று அறிவிக்க முடிகிறது. மூன்றாவது, பைலட் மைக்கில் சொல்லும் நேரம். "இன்றைய பறக்கும் நேரம் மூன்று மணி நாற்பது நிமிடம்" என்பார். அது சக்கரம் ஓடுபாதையைவிட்டு எழுவதிலிருந்து மறுபடியும் தொடுவது வரை. ஒரே பயணத்துக்கு மூன்று நேரம், மூன்றும் உண்மை, யாரும் யாருக்கும் பொய் சொல்லவில்லை.

என் குறிப்பு இது. புறப்பாடு மாலை 7.50, வந்து சேர்வது இந்திய நேரம் இரவு 9.30 என்று டிக்கெட்டில். வாயிலைவிட்டு நகர்ந்தது 8.05. அதன் பிறகு ஊர்ந்து ஊர்ந்து போய், ஒரு வளைவில் நின்று, முன்னால் நாலு விமானத்தின் வால் தெரிய, சக்கரம் மேலே எழும்பியபோது 8.24. திருச்சியில் சக்கரம் தொட்டது 9.31, சிங்கப்பூர் நேரத்துக்கு 12.01. வாயிலில் நின்றது 9.39. ஆக வானத்தில் இருந்தது மூன்று மணி முப்பத்தேழு நிமிடம், வாயிலுக்கு வாயில் நாலு மணி நாலு நிமிடம். நாலே கால் என்று சொன்ன தளம் பதினோரு நிமிடம்தான் பிசகியிருக்கிறது, மற்ற தளம் பைலட் சொன்னதோடு ஒட்டிப்போயிருக்கிறது. வெறும் வகுத்தல் கணக்குக்கு இது மோசமில்லை.

இப்போது மச்சானின் ஆறே முக்கால். அவர் பார்த்தது திருச்சியிலிருந்து வரும் டிக்கெட், இரவு 10.40 புறப்பாடு, காலை 5.25 வருகை. கடிகாரத்தை மட்டும் கழித்துப் பார்த்திருக்கிறார். இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எடுத்துவிட்டால் நாலே கால் மணி நேரம்தான். போகும்போது இதே விஷயம் தலைகீழாக நடக்கும், 7.50க்கு ஏறி 9.30க்கு இறங்குகிறோம், ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஊரில் ஒரு பெரியப்பா இருக்கிறார், ஒவ்வொரு முறையும் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "சிங்கப்பூர் என்னடா, இங்கேருந்து கும்பகோணம் பஸ்ல போற நேரம்தான் போல" என்பார். எத்தனை தடவை விளக்கினாலும் அவருக்கு அந்தக் கணக்குத்தான் பிடித்திருக்கிறது. என் அப்பாவோ கடைசி வரை "ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்று அடித்துப் பேசுவார். நாங்கள் கேலி செய்வோம். பின்னால்தான் தெரிந்தது, அவர் இங்கே வேலை பார்த்த எழுபதுகளில் அது உண்மையாகவே இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல்தான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தி மலேசியாவோடு ஒன்றாக்கிக்கொண்டது. அப்பா அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார், அவர் கடிகாரம் அங்கேயே நின்றுவிட்டது.

இந்த நேர வித்தியாச விஷயத்தில் ஒரு தளத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. மற்ற இரண்டும் "திருச்சி இரண்டரை மணி நேரம் பின்னால்" என்று ஒரு வரி போடுகின்றன. இந்த ஒன்று மட்டும் "புறப்படும் நேரத்தைக் கொடுங்கள், வந்து சேரும் நேரத்தைச் சொல்கிறோம்" என்று பெட்டி வைத்துவிட்டு, சேரும் நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே காட்டுகிறது, அது எந்த ஊர் நேரம் என்றும் எழுதவில்லை. அதை நம்பி ஊரில் கார் சொன்னவர் இரண்டரை மணி நேரம் விமான நிலைய வாசலில் தேவுடு காக்க வேண்டியதுதான்.

எந்தத் தளமும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு, வீட்டிலிருந்து விமானம் வரை. நாங்கள் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் இருக்கிறோம். பெட்டி இல்லாமல் தனியாள் என்றால் ரயிலில் பீஷானில் ஒரு மாற்றல், பாய லேபாரில் ஒரு மாற்றல், தானா மேராவில் ஒரு மாற்றல் என்று ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். நாலு பெட்டியோடு அது நடக்காது. ஊருக்குப் போகும் வீட்டில் கடைசி இரண்டு மணி நேரம் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கி வைத்த கைத்தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு நான் மூச்சுப் பிடித்துத் தூக்க, மனைவி குனிந்து எண்ணைப் படிக்க, 21.4. இருபதுக்கு மேல் போன ஒன்று புள்ளி நாலு கிலோவை எங்கே குறைப்பது? கோடாரித் தைலம் ஒரு டஜன், அத்தைக்கு. அதில் கை வைக்க முடியாது. மைலோ பாக்கெட் இரண்டு, அதை எடுத்துக் கைப்பையில் போட்டேன். கைப்பையையும் கவுண்டரில் எடை போடுவார்கள் என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு நப்பாசை. எடை போட்டார்கள். மைலோ ஒன்று என் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பைக்குள் ஏறியது, இன்னொன்றை மகன் தன் பையில் வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நடந்தான்.

வீட்டைவிட்டுக் கிளம்பியது 4.45, டாக்சியில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மகன் வழக்கம்போல் விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டிடத்து அருவியைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடிக் கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் விழுவதை நூறாவது தடவையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனோம். சாங்கிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கடைசியில், வாயிலுக்குப் பக்கத்தில்தான் நடக்கும். குடிநுழைவு (இமிகிரேஷன்) முடிந்தாயிற்று என்று தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் வாயிலில் பறிபோகும். வெறும் பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலிவு விமானம், முட்டி முன்சீட்டில் இடிக்கும், சாப்பாடு காசு கொடுத்தால்தான், நாங்கள் வீட்டில் கட்டிய புளிச்சோற்றைச் சத்தமில்லாமல் பிரித்தோம், வாசனை சத்தம் போட்டுவிட்டது. ஜூன் விடுமுறை என்பதால் ஆளுக்குப் போய்வர 480 வெள்ளி, சாதாரண நாளில் இதைவிட நன்றாகவே குறையும். இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு பயணத்தில் நாலு மணி நேரம் தாமதம் செய்து, கையில் ஒரு சாப்பாட்டுக் கூப்பனைத் திணித்தார்கள், அந்தக் கூப்பன் செல்லும் கடை அப்போது மூடியிருந்தது. இந்தத் தடவை பதினைந்து நிமிடத்தோடு போயிற்று, பாராட்டத்தான் வேண்டும்.

சீட்டுக்கு முன்னால் திரை கிடையாது, அதனால் தளத்தில் வந்த வரைபடத்தை முன்கூட்டியே படம் பிடித்து வைத்திருந்தேன். அந்த நேர்க்கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனால் மலாக்கா நீரிணை, அப்புறம் சுமத்ராவின் வடபகுதி, மேடான் ஊருக்கு மேலேயே போகிறது கோடு. அதைத் தாண்டினால் வெறும் கடல், வலப்பக்கம் தள்ளி நிக்கோபார். பிறகு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஒன்றுமே கிடையாது, யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே வந்து, கோடியக்கரையில் கரை ஏறுகிறது. இந்தக் கடலைத்தான் ராஜேந்திர சோழன் படை 1025இல் கடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் மாநக்கவாரமும் இலாமுரிதேசமும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன, ஒன்று நிக்கோபார், மற்றது சுமத்ராவின் வடமுனை. மகனிடம் சொன்னேன். "அவங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்றான். பதில் தெரியாததால் தாத்தாவுக்குத் தாவினேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தவர், எட்டு நாள் என்பார், அதில் மூன்று நாள் வாந்தி என்பார். அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. இதே தூரம்தான், கோடியக்கரைக்குப் பக்கத்தில் நாகப்பட்டினம். மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "எட்டு நாளும் புளிச்சோறா?" என்று கேட்டான்.

இரவு என்பதால் ஜன்னலில் ஒன்றும் தெரியாது, ஆனால் கரை ஏறும் இடம் மட்டும் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கும்மிருட்டாக இருந்த இடத்தில் திடீரென்று மஞ்சள் புள்ளிகள் ஒரு கோடாக வரும், அப்புறம் கொத்துக் கொத்தாக. அதில் எது வேதாரண்யம், எது திருத்துறைப்பூண்டி என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்வேன். விமானம் இறங்கத் தொடங்கும்போது எங்கள் ஊருக்கு அருகிலேயே எங்கேயோதான் போகிறது. "இங்கேயே இறக்கிவிட்டா எவ்ளோ நல்லா இருக்கும்" என்று மனைவி ஒவ்வொரு முறையும் சொல்வாள், இந்த முறையும் சொன்னாள்.

திருச்சி புது முனையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜனவரியில் திறந்து வைத்து, ஜூனில் பயணிகளுக்கு வந்தது, 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பழைய கட்டிடத்தில் இரண்டு விமானம் சேர்ந்தாற்போல் இறங்கிவிட்டால் குடிநுழைவு வரிசை படிக்கட்டு வரை நிற்கும், வேர்த்து ஊற்றும், பெட்டி வரும் பெல்ட்டைச் சுற்றி மூன்று அடுக்கு ஆட்கள். இப்போது கோபுரமும் வண்ண ஓவியமுமாகப் பளிச்சென்று இருக்கிறது, ஏசி வேலை செய்கிறது, கழிப்பறை சுத்தம். வரிசை மட்டும் வரிசைதான். குடிநுழைவுக்கு முப்பத்தைந்து நிமிடம், பெட்டி வர இன்னும் அரை மணி, வெளியே வந்தபோது மணி பதினொன்று.

அங்கிருந்து துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர், அப்புறம் எங்கள் ரோடு. செங்கிப்பட்டியில் டீக்கடை திறந்திருந்தது, கண்ணாடி கிளாசில் ஆவி பறக்க, நுரை தளும்ப ஒரு டீ. டிரைவர் அண்ணன் என்னைக் காசு கொடுக்கவிடவில்லை, அவரே கொடுத்தார். வீட்டு வாசலில் கார் நின்றபோது 12.55.

ஆக ஈசூன் வாசலிலிருந்து ஊர் வாசல் வரை பத்து மணி நாற்பது நிமிடம். அதில் வானத்தில் இருந்தது மூன்றில் ஒரு பங்கு.

அம்மா அடுப்பில் தோசைக்கல்லை அப்போதுதான் வைத்திருந்தார். எப்படிம்மா சரியா வச்சீங்க என்று கேட்டால், "நீ ஏறிட்டேன்னு போன் பண்ணுவல்ல, அதுலேருந்து எட்டு மணி நேரம், பத்து வருஷமா அதான் கணக்கு" என்றார். நான் விமானத்துக்குள்ளிருந்து போன் பண்ணியது அவருக்கு மாலை 4.50. எட்டு மணி நேரம் கூட்டினால் 12.50. ஐந்து நிமிடப் பிசகு, நாலே கால் சொன்ன தளம்கூட இவ்வளவு கிட்டத்தில் வரவில்லை.

திரும்பி வந்ததில் தளங்கள் கொஞ்சம் தடுமாறின. வானத்தில் மட்டும் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம், போனதைவிட இருபத்தொரு நிமிடம் அதிகம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தரையில் நமக்குத் தென்மேற்குக் காற்று அடித்தாலும், விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வேகமாக ஓடும். சிங்கப்பூரிலிருந்து போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். ஒரே தூரம், ஒரே நேரம் என்று இரண்டு திசைக்கும் ஒரே எண்ணைக் காட்டும் தளங்கள் இந்த இடத்தில் மதிப்பெண் இழக்கின்றன. பருவத்துக்குத் தகுந்த மாதிரி "பத்து இருபது நிமிடம் கூடக் குறைய ஆகலாம்" என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னும் ஒரு எச்சரிக்கை. விமான நிலையக் குறியீட்டில் திருச்சியின் குறியீடு டிஆர்இசட், திருவனந்தபுரத்தின் குறியீடு டிஆர்வி. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். தூரம் 3,100 கிலோமீட்டர், அதாவது 120 கிலோமீட்டர்தான் அதிகம், நேரம் பத்து நிமிடம்கூடக் கூடாது. அதனால் தப்பான ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் திரையில் வரும் எண்களைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. எங்கள் கப்பல் பட்டறையில் ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பையன், காசு கட்டும் பக்கம் வரை போய்விட்டான், அட்டை எண்ணைத் தட்டும்போது பக்கத்தில் நின்ற மலையாளி நண்பர் "எங்க ஊருக்கா வர்ற?" என்று கேட்டதால் பிழைத்தான். ஒரு தளம் மட்டும் ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் காட்டுகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அரை மணியைச் சேர்க்காததற்கு மூன்று. சேரும் நேரத்தை எந்த ஊர் நேரம் என்று சொல்லாததற்கு ஒன்றரை, அந்த அரையும் வரைபடம் அழகாக இருந்ததற்கு. திருச்சி நேர் விமானத்துக்கு, முட்டி வலியைக் கழித்துக்கொண்டு, நாலு.

சாங்கியில் வாயிலில் நின்றது காலை 5.42. பெட்டி பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது, டாக்சி வரிசையில் நாலே பேர். மனைவி தள்ளுவண்டியை அந்தப் பக்கம் திருப்பினாள், நான் பிடித்து நிறுத்தினேன். ஆறு மணிக்கு முன்னால் ஏறினால் கட்டணத்தில் பாதி கூடுதலாக ஏறும். பிள்ளை நின்றுகொண்டே தூங்குகிறான், பெட்டிக்குள் மாவடு ஜாடி எங்கேயோ கசிந்து வாசனை வருகிறது, இப்போது என்ன கஞ்சத்தனம் என்று அவள் முறைக்க முறைக்க, ஒரு கோப்பி ஓ (பால் விடாத காப்பி) வாங்கி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். 6.02க்கு ஏறினோம்.